விரலுக்கு ஹோவர் கிடையாது

போன தீபாவளிக்கு முன்னாடி சிங்கப்பூர் தேக்கா பக்கம் பலகாரக் கடை வெச்சிருக்கற ஒரு அண்ணனுக்கு வெப்சைட் செஞ்சு குடுத்தேன். அதிரசம், முறுக்கு, லட்டுன்னு வரிசையா படம், மவுஸை படத்து மேல கொண்டுபோனா கீழ விலை வரும், கிலோ இத்தனை வெள்ளின்னு. லேப்டாப்ல பாக்க அவ்ளோ அழகா இருந்துச்சு. ஒரு வாரம் கழிச்சு அவர் கூப்பிட்டு, "தம்பி, வர்ற போன் எல்லாம் விலை கேக்கற போனாவே இருக்கே, விலை போட்டீங்கதானே?"ன்னு கேட்டார்.

போட்டிருந்தேன். ஆனா அவர்கிட்ட வாங்கறவங்க எம்ஆர்டி ரயில்ல நின்னுக்கிட்டே ஹேண்ட்ஃபோன்ல பாக்கறவங்க. விரல் பட்டா அது தட்டினதுதான், தட்டாம மேல சும்மா நிக்கறதுன்னு, அதாவது ஹோவர்னு, விரலுக்கு ஒன்னு இல்ல. என் படம் எல்லாம் ஆர்டர் பக்கத்துக்குப் போற லிங்க் வேற, அதனால நிறைய பேர் விலையைப் பாக்காமலே அடுத்த பக்கத்துக்குப் போயிட்டாங்க. ஐபோன் சஃபாரில சில நேரம் முதல் தட்டுக்கு ஹோவர் வரும், ரெண்டாவது தட்டுக்குத்தான் லிங்க் திறக்கும், அதை நம்பி எதையும் கட்ட முடியாது.

ஒன்னு மேல மவுஸ் வெச்சா இன்னொன்னு மாறுறது, பக்கத்தோட தோற்றத்தை எழுதற சிஎஸ்எஸ்ல ரொம்ப சுலபம், அதான் கை அங்கயே போகுது. மாற வேண்டியது உள்ள இருந்தா ஹோவருக்கு அப்புறம் ஒரு இடைவெளி விட்டு அதோட கிளாஸ் பேரு, ஒட்டின மாதிரி அடுத்து இருந்தா + குறி, ரெண்டையும் சுத்தி இருக்கற அதே பெட்டிக்குள்ள கொஞ்சம் தள்ளி பின்னாடி இருந்தா ~ குறி. ரொம்ப வருஷமா கீழயும் பின்னாடியும் மட்டும்தான் போக முடிஞ்சது, படத்தைத் தொட்டா அதுக்கு முன்னாடி இருக்கற தலைப்பை மாத்தணும்னா ஜாவாஸ்கிரிப்ட்ல தனியா நிரல் எழுதணும். இப்ப சிஎஸ்எஸ்லயே ஹாஸ் (:has) செலக்டர் வந்துடுச்சு, சஃபாரியும் குரோமும் 2022லயே குடுத்துட்டாங்க, ஃபயர்ஃபாக்ஸ் 2023 டிசம்பர்ல. முன்னாடி இருக்கறது, மேல இருக்கறது எதை வேணாலும் மாத்தலாம். அதனாலதான் எனக்கு இன்னும் பயம், இனிமே எதை வேணாலும் ஹோவருக்குப் பின்னாடி ஒளிச்சு வெக்கலாமே.

விலை, முகவரி, கடை நேரம் இதெல்லாம் எப்பவும் கண்ணு முன்னாடி இருக்கட்டும், ஹோவர்ல பார்டர் கலரோ நிழலோ மாறட்டும் போதும். அந்த அலங்காரத்தையும் மீடியா குவெரில (கருவியைப் பொறுத்து விதி போடற சிஎஸ்எஸ் வசதி) ஹோவர் வசதி இருக்கற கருவிக்கு மட்டும்னு எழுதிடுங்க. கீபோர்டுல டேப் அடிச்சு வர்றவங்களும் இருக்காங்க, மவுஸைப் பிடிக்க முடியாத அளவுக்குக் கை நடுங்கறவங்க, அவங்களுக்காக ஹோவர் எழுதற இடத்துலயெல்லாம் ஃபோகஸையும் (டேப் வந்து நிக்கற நிலை) கூடவே எழுதுங்க, பெட்டிக்குள்ள லிங்க் இருந்தா ஃபோகஸ் விதின் (:focus-within).

மறைஞ்சிருந்து வர்ற பெட்டி கட்டாயம் வேணும்னா எல்லாரும் பயன்படுத்தற மாதிரி வெப்சைட் செய்யறதுக்கான வழிகாட்டி, 2018ல வந்த டபிள்யூகேக் (WCAG) 2.1ல 1.4.13னு ஒரு விதி இருக்கு, படிங்க. மவுஸை நகத்தாமலே எஸ்கேப் மாதிரி எதையாவது அழுத்தி அதை மூட முடியணும், மவுஸ் அந்தப் பெட்டி மேலயே போனாலும் மறையக் கூடாது, தானா சட்டுனு காணாமப் போகக் கூடாது. ரெண்டாவதுலதான் நிறைய பேர் தவறுறோம், பட்டனுக்கும் பெட்டிக்கும் நடுவுல நாலு பிக்சல் இடைவெளி விட்டா மவுஸ் அதைத் தாண்டறதுக்குள்ள பெட்டி போயிடும். வெளிய விடற மார்ஜினுக்குப் பதிலா பெட்டிக்குள்ளயே இடம் விடற பேடிங் குடுத்தா அந்த இடைவெளியே இருக்காது.

அண்ணன் கடை சைட்டை அன்னைக்கு ராத்திரியே மாத்திட்டேன். அதே மாதிரி நான் செஞ்சது இன்னும் ரெண்டு இருக்கு, அந்தக் கடைக்காரங்க கேக்கல, ஆனா இந்த வாரம் நானே கூப்பிட்டு சொல்லிட்டு சரி பண்ணித் தரப்போறேன்.