கிளினிக் நாளும் அரைப்பேரும்

இலங்கையின் நுவரெலியா பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் இப்போது லயத்துக்குள், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டுக்குள், பிரசவம் நடப்பது அபூர்வம். வலி கண்டால் ஆஸ்பத்திரிதான். இதை வைத்தே மலையகத் தாய்மாருக்கு ஒரு குறையும் இல்லை என்று பலர் கணக்கை முடித்துவிடுகிறார்கள். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வு வேறு கதை சொல்கிறது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 17 சதவீதம். தோட்டப்புறத்தில் 32 சதவீதம்.

குடும்பநல உத்தியோகத்தராக நான் பார்த்தவரை, கர்ப்பமான மாதங்களிலேயே கோட்டை விட்டுவிடுகிறோம். கிளினிக்குக்குப் போனால் அன்றைக்கு அரைப்பேர், அதாவது பாதி நாள் சம்பளம்தான் விழும். பறிக்கிற கொழுந்தும் குறையும். அதனால் முதல் பதிவே தள்ளிப்போகிறது.

அப்புறம் மொழி. சிங்களத்தில் கேட்கிற எல்லாக் கேள்விக்கும் தலையாட்டிய ஒரு கர்ப்பிணிப் பிள்ளையிடம், “தலை வலிக்குதா, கண்ணு மங்குதா?” என்று தமிழில் கேட்டேன். “மூணு நாளா வலிக்குதுங்க மிஸ். வெயில்ல நின்னதுன்னு நெனைச்சேன்” என்றாள். பிரஷரைப் பார்த்ததும் அன்றே வார்டுக்கு அனுப்பினோம். தோட்டச் சுகாதாரம் பல காலம் தோட்டத்தை நடத்திய துரைமார் கையில் கிடந்தது. 1948இல் குடியுரிமை பறிபோன மக்களைத் தேடி அரச சேவை மெதுவாகத்தான் மலை ஏறியது. தமிழ் பேசும் உத்தியோகத்தர் பற்றாக்குறை இன்னும் தீரவில்லை.

இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறோம், சரி. அதைச் சாயத்தண்ணியோடு, அதாவது வெறும் தேத்தண்ணியோடு விழுங்கினால் சத்து உடம்பில் சரியாகச் சேராது. பச்சைத் தண்ணீரில் போட்டுக்கொள்ளுங்கள். தேத்தண்ணி ஒரு மணி நேரமாவது கழித்து. கொய்யாவோ நெல்லிக்காயோ கிடைத்தால் கூடச் சாப்பிடுங்கள். கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கிற சத்துமாவான திரிபோஷாவை வீட்டில் எல்லோருக்கும் பங்கு வைக்கிறார்கள். அடுப்பில் வேறொன்றும் இல்லாதபோது அவர்களைக் கடிந்து என்ன பயன்?

தோட்ட நிர்வாகங்கள் கிளினிக் நாளுக்கு முழுப்பேர் போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும் என்பது என் கணிப்பு.

கர்ப்பவதி இருக்கிற வீட்டாருக்கு ஒன்று. விடாத தலைவலி, கண் மங்கல், முக வீக்கம், இரத்தப்போக்கு, பிள்ளை அசைவு குறைதல், இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும், காசு இல்லை. எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், வண்டி எதுவரை ஏறும் என்று தெளிவாகச் சொல்லுங்கள். கர்ப்பவதி அட்டையை மறக்காமல் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.