‘ஜெனரல் செக்கப்’ என்று எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள்

போன வருடம் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி என் அலுவலகத்துக்கு வந்தார். விடியற்காலையில் மல்லிகைப்பூ மூட்டையோடு மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு வந்து போகிறவர். டூவீலர் வாங்கி ஐந்து மாதம்தான். ஓடிக்கொண்டிருக்கும்போதே பொசுக்கென்று ஆஃப் ஆகிவிடுகிறது. இரண்டு தடவை காளவாசலில் பஸ்ஸுக்கு முன்னால் நின்றிருக்கிறது.

“மூணு தடவை ஷோரூம்ல விட்டாச்சு சார். கேஸ் போட்டு புது வண்டி வாங்கிக் குடுங்க” என்றார்.

பிளாஸ்டிக் கவரிலிருந்து மூன்று ஜாப் கார்டுகளை (வண்டியை சர்வீஸுக்கு விடும்போது தரும் வேலைச் சீட்டு) எடுத்து மேஜையில் வைத்தார். வாடிக்கையாளர் சொன்ன குறையை எழுத வேண்டிய கட்டத்தில், மூன்றிலும் ஒரே வரி: ஜெனரல் செக்கப். கீழே, வேலை திருப்தி என்று அச்சடித்த இடத்தில் இவருடைய கையெழுத்து. ஆக, அந்தக் காகிதங்களின்படி இந்த வண்டி ஒரு தடவைகூட நின்றதே இல்லை.

நுகர்வோர் வழக்கு நடத்துகிறவன் என்ற முறையில் நான் அடிக்கடி பார்க்கும் காட்சி இது. காலை ஒன்பது மணிக்கு சர்வீஸ் சென்டரில் கூட்டம் அலைமோதும். வண்டியைப் பதிவு செய்கிற சர்வீஸ் அட்வைசர் நாம் சொல்வதைக் கேட்டுத் தலையாட்டுவார், கம்ப்யூட்டரில் ஏதோ தட்டுவார், பிரிண்டை நீட்டுவார். நாமும் வேலைக்கு நேரமாச்சு என்று பார்க்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு ஷேர் ஆட்டோ பிடிப்போம். அட்வைசரை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். “ஸ்டார்டிங் பிராப்ளம், பாத்துருங்க” என்று சொன்னால் அவரும் என்னதான் எழுதுவார்?

நோயை டாக்டரிடம் சொல்வதுபோல் சொல்ல வேண்டும். வண்டி சூடான பிறகா, காலையில் முதல் ஸ்டார்ட்டிலா? எத்தனை கிலோமீட்டர் ஓடிய பிறகு? எந்த கியரில், என்ன வேகத்தில்? ஆள் ஏற்றினாலா, தனியாகப் போகும்போதுமா? இதை வீட்டிலேயே ஒரு தாளில் தமிழில் எழுதிக்கொண்டு போங்கள். ஜாப் கார்டில் அதே வார்த்தைகள் ஏற வேண்டும். கணினியில் இடமில்லை என்றால் பேனாவால் எழுதி, அதை போனில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

விட்டு விட்டு வரும் குறைக்கு இன்னொரு தொல்லை உண்டு. சென்டருக்குள் நுழைந்ததும் வண்டி சமர்த்தாக ஓடும். “எங்ககிட்ட நல்லாத்தானே ஓடுது” என்பார்கள். அதற்காக, குறை வரும்போது ஓடோமீட்டர் தெரிகிற மாதிரி வீடியோ எடுத்து வையுங்கள் (ஓரமாக நிறுத்திவிட்டுத்தான்!). தேவைப்பட்டால் வண்டியை ஒரு ராத்திரி அங்கேயே விட்டு, மறுநாள் மெக்கானிக்கைப் பின்னால் உட்கார வைத்து நீங்களே ஓட்டிக் காட்டுங்கள். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்தவை பிஎஸ்-6 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி செய்த வண்டிகள். பெரும்பாலும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன்தான். மீட்டரில் இன்ஜின் விளக்கு எரிந்தால், என்ன கோளாறு என்பதற்கான குறியீட்டு எண் ஈசியூ என்கிற இன்ஜின் கணினியில் பதிவாகும். ஸ்கேனரை மாட்டி அதை அழித்துவிட்டால் விளக்கும் அணைந்துவிடும், தடயமும் போய்விடும். அழிப்பதற்கு முன் திரையை ஒரு போட்டோ எடுக்கக் கேளுங்கள்.

வண்டியைத் திருப்பி எடுக்கும்போது, ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து. அப்புறம் ஒரு போன் வரும்: சர்வீஸுக்குப் பத்துக்கு எத்தனை மார்க் தருவீர்கள்? “பத்து சொல்லிருங்கண்ணே, இல்லைனா என் இன்சென்டிவ் போயிரும்” என்று அட்வைசர் முன்கூட்டியே கெஞ்சியிருப்பார். பரிதாபப்பட்டுப் பத்து போட்டால், பிறகு அந்த மார்க்கையே நமக்கு எதிராக நீட்ட முடியும்.

வாரண்டியைக் கெடுத்துக்கொள்ளும் நம் பக்கத்துத் தப்பும் குறைவில்லை. டெலிவரி எடுத்த மறுநாளே எல்இடி விளக்குக்கு வயரை வெட்டுவது, சைலன்சரை மாற்றுவது, ‘கிலோமீட்டர் இன்னும் ஓடலையே’ என்று ஃப்ரீ சர்வீஸைத் தள்ளிப் போடுவது. கிலோமீட்டர் அல்லது நாள், எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. ஃப்ரீ என்பதும் கூலிக்கு மட்டும்தான். ஆயிலுக்குக் காசு உண்டு. அதைப் போய் ஏமாற்று வேலை என்று சண்டை போடாதீர்கள். நாம் கேட்காமலே பெயின்ட்டுக்கு மேல் கோட்டிங் என்று பில்லில் ஏற்றியிருந்தால் சண்டை போடுங்கள்.

சரி, புது வண்டி கிடைக்குமா? பொதுவாக நான் அந்த ஆசையைக் காட்டுவதில்லை. ஒரு பாகத்தை மாற்றிச் சரிசெய்ய முடியும் என்றால் முழு வண்டியையும் மாற்றத் தேவையில்லை என்று ஒரு கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006-லேயே சொல்லியிருக்கிறது. உற்பத்திக் குறை என்றால் அதை நாம்தான் நிரூபிக்க வேண்டும். நிபுணர் அறிக்கை கேட்பார்கள். கடுப்பில் வெளி மெக்கானிக்கிடம் பிரித்துப் போட்டுவிட்டால் அதோடு சாட்சியும் போச்சு. அதைவிட, ஒரே குறைக்குப் பல தடவை விட்டும் சரியாகவில்லை என்பதைக் காட்டுவது சுலபம். அதற்குத்தான் அந்த ஜாப் கார்டு.

மூன்றாவது தடவையும் சரியாகவில்லை என்றால் சேஸ் நம்பர், ஜாப் கார்டு நம்பர்கள், தேதிகளோடு தயாரிப்பு நிறுவனத்துக்கே மெயில் போடுங்கள். அடுத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சென்னையில் வாங்கிய வண்டிக்கும் நீங்கள் குடியிருக்கும் மதுரையிலேயே புகார் கொடுக்கலாம். பிரச்சினை எழுந்து 2 வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை (என் பிழைப்பில் மண்!). டீலர், தயாரிப்பாளர் இருவரையும் சேருங்கள். பூ ஏற்றுகிற வண்டி, அது வியாபாரப் பயன்பாடு என்று எதிர்த்தரப்பு கிளப்பலாம். சுயதொழில் செய்து பிழைக்க வாங்கியதற்கு சட்டத்தில் விலக்கு இருக்கிறது.

அந்தத் தம்பியிடம் கேஸ் அப்புறம், முதலில் எழுதுவோம் என்று உட்கார வைத்தேன். எப்போதெல்லாம் நின்றது என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். மூன்றாவது சம்பவத்தில் அவரே நிறுத்தினார். “சார், நேராப் போகும்போது நிக்கல. திரும்பும்போதுதான் நிக்குது.” அதை அப்படியே எழுதினோம்: ‘மெதுவாக வந்து ஹேண்டிலை முழுவதும் ஒடித்துத் திருப்பும்போது இன்ஜின் ஆஃப் ஆகிறது.’ நான்காவது ஜாப் கார்டில் அந்த வரி ஏறியது. அன்று மாலையே கண்டுபிடித்துவிட்டார்கள். ஹேண்டிலுக்குக் கீழே வயரிங்கை இறுக்கிக் கட்டியிருந்ததில், திருப்பும்போதெல்லாம் இழுபட்டு உள்ளே ஒரு கம்பி அறுந்திருந்தது. வாரண்டியில் மாற்றிக் கொடுத்தார்கள்.

மார்க்கெட்டுக்கு வராமல் போன நாட்களுக்கு நஷ்டஈடு கேட்கலாம் என்றேன். அடுத்த சர்வீஸுக்கு ஆயில் இலவசம் என்று ஷோரூமில் சொன்னார்களாம், ஒத்துக்கொண்டு வந்துவிட்டார். நானாக இருந்தால் விட்டிருக்க மாட்டேன்.