கோள்: கொண்டு வளரும் ஒன்றின் பெயர்

முறப்பநாட்டில் வியாழனுக்குரிய கைலாசநாதரைக் கும்பிட்டுவிட்டுப் பஸ் ஏறியதும் என் தங்கை மகள் கேட்டாள்: "மாமா, பாடப்புத்தகத்தில் எட்டுக் கோள்கள்தானே இருக்கின்றன? இங்கே மட்டும் ஏன் ஒன்பது?" அது மார்கழி ஞாயிற்றுக்கிழமை. பாபநாசத்தில் தொடங்கிச் சேர்ந்தபூமங்கலத்தில் முடியும் நவகைலாயப் பயணம். தாமிரபரணிக் கரையில் ஒன்பது சிவன் கோவில்கள், கோவிலுக்கு ஒரு கிரகம். அடுத்தது ஸ்ரீவைகுண்டம், சனிக்கு உரியது. அது வருவதற்குள் சொல்லி முடிக்கக்கூடிய பதில் இல்லை. அன்று சொன்ன பாதியையும் சொல்லாமல் விட்ட பாதியையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் கணக்கைத் தீர்த்துவிடலாம். பாபநாசத்துச் சூரியன் ஒரு விண்மீன். சேரன்மகாதேவியின் சந்திரன் பூமியைச் சுற்றும் துணைக்கோள். குன்னத்தூர் ராகுவும் ராஜபதி கேதுவும் பொருள்களே அல்ல. வானத்தில் சூரியன் போகும் பாதையை நிலவின் பாதை வெட்டும் இரண்டு இடங்கள். இந்த நான்கையும் எடுத்தால் ஐந்து மிஞ்சும். அவற்றோடு நாம் நிற்கும் பூமியையும், 1781இல் கண்டறியப்பட்ட யுரேனஸையும், 1846இல் கண்டறியப்பட்ட நெப்டியூனையும் சேர்த்தால் எட்டு. கோவில் கணக்கும் சரி, பள்ளிக்கூடக் கணக்கும் சரி. இரண்டும் எண்ணுவது வேறு வேறு பொருளை. அந்த வேறுபாட்டைக் காட்ட நம்மிடம் இரண்டு சொற்கள் இருக்கின்றன: கிரகம், கோள். இரண்டையும் ஒன்றாகப் புழங்குவதால்தான் பிள்ளைகளுக்குக் குழப்பம் வருகிறது.

'கோள்' என்பது 'கொள்' என்னும் வினையிலிருந்து பிறந்த பெயர். சுடு என்பது சூடு ஆகிறது, பெறு பேறு ஆகிறது, கெடு கேடு ஆகிறது. அப்படியே கொள் என்பது நீண்டு கோள் ஆகிறது. முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று பத்தாம் வகுப்பில் நாம் எழுதி மதிப்பெண் வாங்கியது இதைத்தான். 1902இல் சங்கரன்கோவிலில் பிறந்த தேவநேயப் பாவாணர் வாழ்நாளெல்லாம் செய்த வேலை, இப்படி ஒரு பெயரைப் பிடித்து அதன் வேர் வரைக்கும் இறங்கிப் பார்ப்பது. கோள் என்ற சொல்லில் அவ்வளவு ஆழம் தோண்டவே வேண்டாம். வேர் மேலேயே தெரிகிறது. "கோளில் பொறியில்" என்று திருக்குறள் சொல்லும்போது, தனக்குரிய புலனைக் கொள்ளாத பொறி என்று பொருள். நாம் நாள்தோறும் எழுதும் 'கோட்பாடு' என்பதும் கோள் என்பதோடு பாடு சேர்ந்ததுதான்: மனம் கொண்ட கருத்து.

இதே சொல்லுக்குக் குலை என்ற பொருளும் உண்டு. பட்டினப்பாலையில் வரும் "கோள் தெங்கு" குலை தள்ளிய தென்னை. கோடையில் பாளையங்கோட்டைச் சாலையோரத்தில் நுங்கு விற்பவர் குலையை அறுத்துப் போட்டிருப்பார். ஒரே காம்பில் கருத்த காய்கள் ஒன்றையொன்று நெருக்கி, நெருக்கிய இடம் தட்டையாகி, இடைவெளியில்லாமல் திரண்டிருக்கும். அந்தத் திரட்சியையும் கோள் என்றார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வானத்துக் கோளுக்கும் அதே பட்டினப்பாலை சான்று தருகிறது. காவிரிப்பூம்பட்டினத்து மன்றத்தில் கூடிப் பொருகின்ற வீரர்களுக்கு உவமையாக "நாள்மீன் விராய கோள்மீன் போல" என்கிறது. நிலையான விண்மீன் கூட்டத்துக்கு நடுவே கலந்து திரியும் மீன்கள், கோள்மீன்கள். இரண்டையும் பிரித்துப் பார்த்த கண் அது. ஆனால் அதற்கு ஏன் கோள் என்று பெயர்? சூரியனிடமிருந்து ஒளியைக் கொள்வதால் என்று தமிழ் வகுப்பில் சொல்லித்தருவார்கள். கேட்க நன்றாக இருக்கிறது; எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வடமொழியின் 'கிரக' என்பதற்கும் பற்றுதல் என்றே பொருள். கிரகணம் 'பிடித்தது' என்று இன்றும் சொல்கிறோம். நிலவைப் பாம்பு கொள்கிறது, மனிதனைச் சனி பிடிக்கிறது. திருஞானசம்பந்தர் பாடியது கோளறு பதிகம், அதாவது கோள் பிடிப்பதை அறுக்கும் பதிகம்; பலர் அதைக் கோளாறு பதிகம் என்று பிழையாக எழுதுகிறார்கள். அதிலும் ஏழு கோள்களோடு "பாம்பிரண்டு" வருகின்றன. ஆகவே பழங்காலத்தில் கோள் என்றால் பற்றிக்கொள்வது என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. கிரேக்கர்கள் வேறு பக்கமாகப் பார்த்தார்கள். பிளானெட் என்ற சொல்லின் மூலமான கிரேக்கச் சொல்லுக்கு அலைபவன் என்று பொருள். அவர்கள் நடையைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள், நம்மவர்கள் பிடியைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள்.

இன்றைய வானியற்பியல் இந்தப் பிடியைத்தான் ஆராய்ந்துகொண்டிருக்கிறது. இளம் விண்மீனைச் சுற்றி வாயுவும் தூசியுமாக ஒரு தட்டு சுழல்கிறது. ஆடிக் காற்று வீசும் மாதங்களில் எங்கள் வீட்டுப் பீரோவுக்கு அடியில் துடைப்பத்தை விட்டு இழுத்தால் தூசி உருண்டை உருண்டையாக வரும். யாரும் உருட்டவில்லை, துகளும் நூலும் முடியும் மெல்ல உரசி ஒட்டித் திரண்டவை. விண்தட்டிலும் தொடக்கம் அப்படித்தான். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுள்ள துகள்கள் மெதுவாக மோதும்போது ஒட்டிக்கொள்கின்றன. கூழாங்கல் அளவுக்கு வந்ததும் சிக்கல். அதற்குமேல் மோதினால் எகிறிப் போகும் அல்லது உடையும். ஒரு மீட்டர் அளவுக்கு வந்துவிட்ட பாறையோ எதிர்ப்படும் வாயுவால் வேகம் குறைந்து, சில நூறு ஆண்டுகளுக்குள் விண்மீனை நோக்கிச் சரிந்து விழுந்துவிடும். அப்படியானால் பூமி எப்படி உண்டாயிற்று? ஆராய்ச்சியாளர்களை நெடுங்காலம் தூங்கவிடாத கேள்வி இது.

2005இல் ஆண்ட்ரூ யூடினும் ஜெரமி குட்மனும் ஒரு வழி காட்டினார்கள். தைப்பூசத்துக்குத் திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்கு நடந்துபோகும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அது எளிதில் புரியும். எதிர்க்காற்று பலமாக இருந்தால் தனியே நடப்பவர் பின்தங்குவார். நெருங்கி நடக்கும் கூட்டத்துக்குக் காற்றின் தாக்கம் குறைவு. பின்தங்கியவர்கள் அந்தக் கூட்டத்தோடு சேர்ந்துகொள்வார்கள், கூட்டம் பெருகும். விண்தட்டில் கூழாங்கற்களும் வாயுவின் எதிர்ப்புக்கு இப்படித்தான் கூடுகின்றன. கூட்டம் போதுமான அளவு அடர்ந்ததும் தன் ஈர்ப்பாலேயே சுருங்கி, நூறு கிலோமீட்டர் அளவுள்ள ஒரு திண்மமாக இறுகிவிடுகிறது. மீட்டர் அளவைத் தாண்ட வேண்டிய தேவையே இல்லை. அதன்பின் வழியில் வரும் கூழாங்கற்களையெல்லாம் அது இழுத்துக்கொண்டு பருக்கிறது. பூமியைப்போல் பத்து மடங்கு நிறை சேர்ந்துவிட்டால், சுற்றியுள்ள வாயுவையும் வாரிக்கொண்டு வியாழனைப் போன்ற பெருங்கோளாகிறது.

இது தாளில் போட்ட கணக்கு மட்டும் இல்லை. 2014இல், சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்தில் 5000 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஆல்மா தொலைநோக்கி, எச்.எல். டாரி என்ற இளம் விண்மீனைப் படம் எடுத்தது. 10 லட்சம் ஆண்டுகூட ஆகாத விண்மீன் அது. அதற்குள் அதன் தட்டில் வளையம் வளையமாக இருண்ட பாதைகள். அங்கே கோள்கள் உருவாகித் தூசியை வழித்தெடுத்திருக்கலாம் என்பது பலரின் கருத்து. 2018இல் இன்னும் நேரடியான காட்சி கிடைத்தது. ஏறத்தாழ 370 ஒளியாண்டு தொலைவிலுள்ள பி.டி.எஸ். 70 என்ற விண்மீனின் தட்டிலுள்ள இடைவெளியில் ஒரு கோளே நேரடியாகத் தெரிந்தது. அடுத்த ஆண்டு இரண்டாவது கோளும். இரண்டிலும் ஹைட்ரஜனின் செந்நிற ஒளி தெரிகிறது. அது மேலே வந்து விழும் வாயு சூடாகி வெளிவிடும் ஒளி. அந்தப் படத்தில் ஒரு சிறு புள்ளிதான் இருக்கிறது. அந்தப் புள்ளி கொண்டுகொண்டிருக்கிறது. முதன்முதலில் பார்த்தபோது கொள் என்ற வினை கண்ணுக்குத் தெரிந்ததுபோல் இருந்தது எனக்கு.

நம் முன்னோர் இதையெல்லாம் அறிந்தே கோள் என்று பெயர் வைத்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். அது உண்மையில்லை, அப்படிச் சொல்வது சொல்லுக்கும் பெருமை இல்லை. அவர்கள் மனத்தில் இருந்தது வேறு பிடி. ஆனால் நல்ல வேரிலிருந்து வந்த சொல் புதிய பொருளையும் தாங்குகிறது. பற்றுதல், ஏற்றல், குலையாகத் திரளுதல் என மூன்று பொருளுமே இன்றைய கோளுக்கு ஒட்டுகின்றன. அலைபவன் என்ற கிரேக்கப் பெயருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

2006 ஆகஸ்டில் பிராகா நகரில் உலக வானியலாளர்கள் கூடி வகுத்த வரையறையும் இதற்குத் துணைநிற்கிறது. சூரியனைச் சுற்றவேண்டும், தன் ஈர்ப்பால் உருண்டிருக்கவேண்டும், தன் பாதையின் சுற்றுப்புறத்தைத் தன்வயமாக்கியிருக்கவேண்டும். மூன்றாவதில்தான் புளூட்டோ தவறியது. தன் வழியில் உள்ளதைக் கொள்ள முடியாததால் அது குறுங்கோள் ஆயிற்று.

கோள் தமிழில் பிள்ளைபெற்றுப் பெருகிய சொல்லும்கூட. துணைக்கோள், செயற்கைக்கோள், சிறுகோள், குறுங்கோள், கோளரங்கம் எல்லாம் நன்றாக நிலைத்துவிட்டன. சூரியனல்லாத விண்மீன்களைச் சுற்றுபவற்றுக்குப் புறக்கோள் என்பது அழகான சொல். 1995இல் மைக்கேல் மேயரும் டிடியர் கெலோவும் சூரியனைப் போன்ற விண்மீனொன்றைச் சுற்றும் முதல் புறக்கோளை அறிவித்தார்கள். இன்று எண்ணிக்கை ஆறாயிரத்தைத் தாண்டிவிட்டது. 'புறக்கிரகம்' என்று எழுதிப் பாருங்கள், நாக்கு இடறும். கோளம் என்பதை மட்டும் இதோடு சேர்க்கக் கூடாது. அது உருண்டை என்னும் பொருள்கொண்ட வடசொல், கொள் என்பதோடு அதற்கு உறவில்லை.

பொருள் சேர்த்துப் பருப்பதைக் குறிக்கும் கலைச்சொல்லுக்கு ஒட்டுவளர்ச்சி, திரள்வு என்று எழுதுகிறார்கள். திரள்வே எனக்குப் பிடிக்கும். கோளுக்கும் பொருந்தும், அதைவிடப் பெரியவற்றுக்கும் பொருந்தும். நம் பால்வழியும் இப்படித் திரண்டதுதான். 1994இல் கண்டறியப்பட்ட தனுசுக் குள்ளத் திரள் என்னும் சிறு விண்மீன் மண்டலம் இப்போதும் பால்வழிக்குள் சிதைந்து கரைந்துகொண்டிருக்கிறது. ஏறத்தாழ 1000 கோடி ஆண்டுகளுக்கு முன் இன்னொரு பெரிய திரளைப் பால்வழி விழுங்கியதன் தடயத்தை, கையா விண்கலம் அளந்த விண்மீன்களின் நடையிலிருந்து 2018இல் கண்டுபிடித்தார்கள்.

கிரகத்தை எங்கே வைப்பது என்றால், அது இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். ஜாதகத்திலும் நவகைலாயத்திலும், "என்ன கிரகம் பிடித்ததோ" என்று எங்கள் ஆச்சி அலுத்துக்கொள்வதிலும் அதற்கு உரிமையான இடம் உண்டு. அறிவியல் பாடத்தில் கோள் என்றே எழுதுவோம்.

சேர்ந்தபூமங்கலத்துக்கு நாங்கள் போய்ச்சேர்ந்தபோது இருட்டிவிட்டது. வெள்ளிக்குரிய கோவில் அது. தங்கை மகள் வெளியே வந்து மேற்கே அண்ணாந்து பார்த்து, "ராகு கோவிலிலும் கேது கோவிலிலும் நாம் கும்பிட்டது இரண்டு வெற்று இடங்களையா மாமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அப்படியென்றால் இந்த ஊர்க்காரர் ஒருவர்தான் நிஜமாகவே தெரிகிறவர்" என்று சொல்லி, எங்கள் பஸ் புறப்படும்வரை வெள்ளியைத் தேடிக்கொண்டிருந்தாள்.