முடி மாத்திரை வைட்டமின் மாத்திரை இல்லை

முடி கொட்டுவதற்குச் சாப்பிடும் ஃபினாஸ்டெரைடு மாத்திரையின் 5 மி.கி. அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "இதைத்தான் நாலு மாசமா சாப்பிடுறேன் டாக்டர்" என்று வருகிறவர்கள் பெருகிக்கொண்டே போகிறார்கள். நண்பர் சாப்பிட்டாராம், முடி வந்ததாம். 5 மி.கி. என்பது ஆண்களின் புரோஸ்டேட் சுரப்பி வீக்கத்துக்கான அளவு. முடிக்கு 1 மி.கி. போதும். அதனால் காய் நறுக்கும் கத்தியால் நாலாக வெட்டி, தினம் ஒரு துண்டு. நாலும் ஒரே அளவில் இருப்பதில்லை. மேல்பூச்சு உடைந்து பொடி பலகையிலேயே கிடக்கிறது. அந்தப் பலகையைக் கழுவுகிற மனைவி மாசமாக இருந்தால்? மருந்து தோல் வழியாக உள்ளே போய், வயிற்றில் இருப்பது ஆண் குழந்தையானால், பிறப்புறுப்பு சரியாக உருவாகாமல் போகலாம். முழு மாத்திரையைத் தொடுவதால் அந்த ஆபத்து இல்லை. 1 மி.கி. மாத்திரை தனியாகக் கிடைக்கிறது. தயவுசெய்து வெட்டாதீர்கள்.

"முடிக்குத்தானே, இதுக்கு எதுக்கு டாக்டர்?" என்ற பேச்சுதான் எல்லாவற்றுக்கும் மூலம். இது முடிக்குப் போடும் உரம் இல்லை. உடம்பில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன், முடி வேரைச் சுருக்கும் டி.எச்.டி.யாக மாறுவதைத் தடுக்கும் மருந்து. ரத்தத்தில் டி.எச்.டி. அளவை ஏறக்குறைய 70 சதவீதம் இறக்கிவிடும். தலைக்கு மட்டும் போய் வேலை செய்துவிட்டுத் திரும்பி வருவதில்லை. புரோஸ்டேட்டிலும் வேலை செய்யும், சிலருக்கு விந்திலும் ஆசையிலும் மனநிலையிலும் தெரியும். அதனால்தான் மருந்துச் சீட்டு கேட்கிறோம். நண்பருக்கு ஒத்துக்கொண்டது நண்பரின் உடம்புக்கு.

கொட்டுவதெல்லாம் வழுக்கையும் இல்லை. நெற்றியோரம் ஏறுவதும் உச்சி மெலிவதும் வழுக்கை. வட்டமாக, வழவழப்பாக ஓர் இடம் மட்டும் காலியானால் புழுவெட்டு. டெங்கு காய்ச்சலோ அறுவை சிகிச்சையோ முடிந்து இரண்டு மூன்று மாதத்தில் கைநிறைய உதிர்ந்தால், அது பெரும்பாலும் தானே நின்றுவிடும். பின்னே சொன்ன இரண்டுக்கும் ஃபினாஸ்டெரைடு வீண். தைராய்டு சோதனைக்கு எழுதிக்கொடுத்தால், முடிக்காகப் பயோட்டின் என்ற வைட்டமின் சாப்பிடுவதைச் சொல்லிவிடுங்கள். அது சோதனை முடிவையே குழப்பும். சில நாள் நிறுத்திவிட்டு ரத்தம் கொடுக்க வேண்டும்.

டாக்டரிடம் வெட்கப்பட்டு மறைப்பதுதான் அடுத்த தலைவலி. மனச்சோர்வு எப்போதாவது இருந்ததா, தாம்பத்தியத்தில் ஏற்கெனவே சிக்கல் உண்டா, குழந்தைக்கு முயற்சி செய்கிறீர்களா, ஈரல் கோளாறு உண்டா, ஜிம்மில் தசை ஏற்ற ஊசி போடுகிறீர்களா? அவர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். (கேட்காமல் இரண்டு நிமிடத்தில் எழுதித் தள்ளுவது எங்கள் பக்கத்துக் குற்றம். அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.)

பக்கவிளைவு பற்றி இரண்டு பொய்கள் சுற்றுகின்றன: "ஆண்மையே போய்விடும்", "ஒன்றுமே ஆகாது". ஆய்வுகளில் 1 மி.கி. சாப்பிட்டவர்களில் 3.8 சதவீதம் பேர் பாலியல் தொந்தரவு சொன்னார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களிலும் 2.1 சதவீதம் பேர் சொன்னார்கள். நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகும். நிறுத்திய பிறகும் தொடர்ந்ததாகச் சொன்னவர்களும் உண்டு. அதையும் தெரிந்துகொண்டே தொடங்குங்கள்.

தொடங்கினால் பொறுமை வேண்டும். உதிர்வு குறைவதே தெரிய மூன்று முதல் ஆறு மாதம். பலன் உண்டா இல்லையா என்று முடிவு செய்ய ஒரு வருடம். மாதம் ஒரு முறை ஒரே வெளிச்சத்தில், ஈரமில்லாத தலையை, உச்சியிலிருந்து படம் எடுத்து வையுங்கள். கண்ணாடியை நம்பாதீர்கள். தலையில் தடவும் மருந்தான மினாக்சிடில் 5 சதவீதம் என்றால் காலை 1 மி.லி., இரவு 1 மி.லி.; முடியில் இல்லை, காய்ந்த மண்டைத் தோலில். பிறகு கையைக் கழுவ வேண்டும், நாலு மணி நேரம் தலை நனையக் கூடாது. முதல் சில வாரம் முடி கூடுதலாக உதிரலாம். பழைய முடி விழுந்து புதியது கிளம்புகிறது. அந்த நேரத்தில் பயந்துபோய் மருந்தை நிறுத்தியவர்கள்தான் அதிகம். வீட்டில் பூனை இருந்தால் மிகக் கவனம், அதற்கு இது விஷம். எந்த மருந்தை நிறுத்தினாலும் காப்பாற்றிய முடி சில மாதங்களில் போய்விடும். மருந்து கெடுத்ததாக நினைக்காதீர்கள், விட்ட இடத்திலிருந்து வழுக்கை தொடர்கிறது.

ஃபினாஸ்டெரைடு சாப்பிடுகிறவர் ரத்த தானம் செய்வதென்றால், நிறுத்தி ஒரு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். அந்த ரத்தம் ஒரு கர்ப்பிணிக்கு ஏறலாம். புரோஸ்டேட்டுக்கான பி.எஸ்.ஏ. ரத்தச் சோதனை எடுத்தால் மாத்திரையைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். அளவைப் பாதியாகக் காட்டும். 3 என்று வந்தால் 6 என்று படிக்க வேண்டியிருக்கும்; சொல்லாவிட்டால் புற்றுநோய் கண்ணில் படாமல் நழுவிவிடலாம். மார்பில் கட்டியோ கசிவோ வந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

மனசு பற்றி மட்டும் ஒரு வேண்டுகோள். தற்கொலை எண்ணம் ஃபினாஸ்டெரைடின் பக்கவிளைவுதான் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2025 மே மாதம் உறுதிப்படுத்தியது. மாத்திரை தொடங்குவதை வீட்டில் ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள். காரணமில்லாமல் சோர்ந்துபோனாலோ, எதிலும் பிடிப்பு விட்டுப்போனாலோ, உங்களுக்கு முன்னால் அவர்களுக்குத்தான் தெரியும். அப்படி ஆனால் அன்றைக்கே மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள், அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம்.