பேதிக்கு மாவு எப்படி மருந்தாகிறது?

"ஓஆர்எஸ் கொடுத்தும் பேதி நிற்கவில்லையே, அது வேலை செய்யவில்லையா?" என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். இதே சந்தேகத்தில் அந்த உப்பு-சர்க்கரைக் கரைசலைப் பாதியில் நிறுத்திவிட்டு, தொக்கம் எடுக்கக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அலைபவர்கள் இன்றும் உண்டு. அந்த அலைச்சலுக்குள் குழந்தையின் உடம்பில் நீர் வற்றிவிடும். பேதியை நிறுத்துவது ஓஆர்எஸ்ஸின் வேலை அல்ல; போன நீரையும் உப்பையும் ஈடுகட்டுவதுதான் அதன் வேலை. பேதியின் அளவையும் நாட்களையும் குறைக்க முடியுமா என்பது வேறு கேள்வி. அதற்கு அருமையான ஒரு பதில் வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் குடல் நோய் மருத்துவர் பி. எஸ். ராமகிருஷ்ணாவின் குழுவிடமிருந்து வந்தது.

காலராவை எடுத்துக்கொள்வோம். அதன் நச்சு சிறுகுடல் செல்லுக்குள் சிஏஎம்பி என்ற மூலக்கூறை எக்கச்சக்கமாகப் பெருக்கிவிடுகிறது. குளோரைடு வெளியே கொட்டுகிறது, சோடியமும் நீரும் பின்னாலேயே போகின்றன. சோடியத்தை உள்ளே எடுக்கும் வழக்கமான வழியும் அடைபடுகிறது. ஆனால் ஒரு குளுக்கோஸோடு இரண்டு சோடியத்தைச் சேர்த்து உள்ளே இழுக்கும் புரதம் மட்டும் பாதிப்பில்லாமல் இயங்குகிறது. ஓஆர்எஸ் நம்பியிருப்பது அந்த ஒரு வழியைத்தான். அப்படியானால் குளுக்கோஸைக் கூட்டினால் என்ன? உறிஞ்சப்படாமல் மிஞ்சும் சர்க்கரை குடலுக்குள் நீரை இழுத்து, பேதியை அதிகமாக்கும். அதனால்தான் 2002-இல் உலக சுகாதார நிறுவனம் லிட்டருக்கு 111 மில்லிமோலாக இருந்த குளுக்கோஸை 75 ஆகக் குறைத்தது.

ராமகிருஷ்ணா கவனித்தது பெருங்குடலை. நாளொன்றுக்கு நான்கைந்து லிட்டர் வரை நீரை உறிஞ்சும் திறன் அதற்கு உண்டு. பேதியின்போது அந்தத் திறன் ஏன் கைகொடுப்பதில்லை? பெருங்குடல் பாக்டீரியாக்கள் நார்ச்சத்தையும் செரிக்காத மாவையும் நொதிக்கவைத்து அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்ற குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. கடும் பேதியில் மலத்தில் இந்த அமிலங்கள் குறைந்துபோவதை அவரும் வி. ஐ. மாத்தனும் 1993-இல் காட்டினார்கள்.

இந்த அமிலங்கள் செய்யும் வேலைதான் இதில் அழகு. அமிலம் பெருங்குடல் செல்லுக்குள் நுழையும்போது ஒரு ஹைட்ரஜன் அயனியையும் சுமந்துகொண்டு போகிறது. உள்ளே போனதும் அதை விட்டுவிடுகிறது. செல் புளித்துப்போகாமலிருக்க அந்த அயனி வெளியேறியாக வேண்டும். வெளியேற்றும் புரதம் சும்மா வெளியேற்றாது. ஒரு ஹைட்ரஜன் வெளியே போனால் ஒரு சோடியம் உள்ளே வரும். சோடியம் வந்தால் நீரும் வரும். சிறுகுடலில் உப்பு உறிஞ்சுதலைப் பூட்டிவைத்த அதே சிஏஎம்பியால் இந்த வழியைப் பூட்ட முடிவதில்லை! யேல் பல்கலைக்கழகத்தின் ஹென்றி பைண்டர் விலங்குகளின் பெருங்குடலில் இதை நுணுக்கமாக ஆராய்ந்தவர்; வேலூர் குழுவோடு சேர்ந்து உழைத்தவரும் அவரே.

இனித் தேவைப்பட்டது சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடல் வரை போய்ச் சேரும் மாவு. அமைலோஸ் என்ற மாவு வகை மிகுந்த மக்காச்சோள மாவில் சங்கிலிகள் கிளையில்லாமல் நெருக்கமாக அடுக்கியிருப்பதால், மாவைச் செரிக்கும் அமைலேஸ் நொதி எளிதில் உள்ளே புக முடியாது. மாவு மூலக்கூறு பெரியது என்பதால் சர்க்கரையைப் போலக் குடலுக்குள் நீரை இழுப்பதும் இல்லை.

2000-இல் வெளியான ஆய்வில் காலரா நோயாளிகள் 48 பேர், மூன்று பிரிவுகள்: வழக்கமான ஓஆர்எஸ், லிட்டருக்கு 50 கிராம் அரிசி மாவு சேர்த்தது, 50 கிராம் அமைலோஸ் மிகுந்த மக்காச்சோள மாவு சேர்த்தது. வழக்கமான கரைசலில் சராசரியாகச் சுமார் 91 மணி நேரம் நீடித்த பேதி, மக்காச்சோள மாவுப் பிரிவில் சுமார் 57 மணி நேரத்தில் நின்றது. மலத்தின் எடையும் குறைந்தது.

இதைப் படித்துவிட்டுக் கடையில் கிடைக்கும் கார்ன்ஃபிளாரைக் கலக்க வேண்டாம். அதில் அமைலோஸ் குறைவு, பெரும்பகுதி சிறுகுடலிலேயே செரித்துவிடும். பழைய சோறும் ஓஆர்எஸ்ஸுக்கு மாற்று அல்ல. சோறு ஆறும்போது செரிக்காத மாவு கொஞ்சம் உண்டாவது உண்மை, ஆனால் அளவு சிறியது, உப்பின் அளவும் கணக்கில் இல்லை.

இவ்வளவு மலிவான பொருளில் பெரிய லாபத்துக்கு இடமில்லை. மருந்து நிறுவனங்கள் இதைத் தேடி வரும் என்று காத்திருப்பதில் அர்த்தமில்லை. இத்தகைய ஆய்வுக்குப் பொதுப் பணம் தாராளமாகப் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வீட்டில் செய்ய வேண்டியது மாறவில்லை. 20.5 கிராம் பாக்கெட் முழுவதையும் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் கரையுங்கள். டம்ளருக்குக் கொஞ்சமாகத் தூவினால் உப்பு கூடிவிடும் அல்லது குறைந்துவிடும். 24 மணி நேரத்துக்குப் பின் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, கரண்டி கரண்டியாகத் தொடருங்கள். தாய்ப்பாலையும் சாப்பாட்டையும் நிறுத்தக் கூடாது. டாக்டர் சொல்லாமல் ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுக்காதீர்கள்: நோய்க்கிருமியோடு, அந்த அமிலங்களைத் தயாரிக்கும் பாக்டீரியாக்களும் அதில் சாகும்.