ஆச்சியின் போனைப் பிடுங்காதீர்கள்

காரைக்குடியில் முதியோர் மருத்துவம் பார்க்கிறேன். சில மாதங்களுக்கு முன் 76 வயது ஆச்சி ஒருவர் வந்தார். தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை. பரிசோதனைகளில் எல்லாம் சரியாக இருந்தது. துணைக்கு வந்த சமையல்கார அம்மாதான் சொன்னார்: "போனை வாங்கி வச்சுட்டாங்க டாக்டர். அதுலேருந்து இப்படித்தான்."

கேஒய்சி புதுப்பிக்க வேண்டுமென்று வந்த அழைப்பை நம்பி ஓடிபியைச் சொல்லிவிட்டார் ஆச்சி. பணம் போயிற்று. சிங்கப்பூரிலிருக்கும் மகன் பயந்துபோய், "ஆத்தா, இனிமே அதெல்லாம் வேண்டாம்" என்று பட்டன் போன் வாங்கிக் கொடுக்கச் சொல்லிவிட்டார்.

அதுவரை தினமும் சாயங்காலம் 5 மணிக்கு, அங்கே ஏழரை, பேத்தி வீட்டுப்பாடம் எழுதுவதை வீடியோ காலில் பார்த்துக்கொண்டிருப்பாராம். வளவுக்குள், அதாவது வீட்டின் உள்முற்றப் பகுதியில், சிக்னல் கிடைக்காது, அவ்வளவு கனத்த சுவர். அதனால் முகப்பில் வந்து உட்கார்வார். தெருவில் போகிறவர்கள் நின்று நாலு வார்த்தை பேசுவார்கள். போன் போனதும் முகப்புக்கு வருவதும் நின்றுவிட்டது. அத்தனை பெரிய வீட்டில் அப்புறம் யாரோடு பேசுவார்?

23 நாடுகளில் 50 வயது கடந்தவர்களைப் பற்றிய ஆய்வு ஒன்று 2024இல் வந்தது. இணையம் பயன்படுத்துவோரிடம் மனச்சோர்வு அறிகுறிகள் குறைவாக இருந்தன. ஆரோக்கியமும் வசதியும் உள்ளவர்களே இணையத்துக்கு அதிகம் வருகிறார்கள் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். அதனால் போனை நான் மருந்தாகச் சொல்வதில்லை. நடு இரவுவரை ரீல்ஸ் பார்த்துத் தூக்கம் கெட்டவர்களையும், வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பிச் சர்க்கரை மாத்திரையை நிறுத்தியவர்களையும் பார்க்கிறேன். முதியவர்களிடம் நான் முதலில் கேட்பது, போனில் யாரோடு பேசுகிறீர்கள் என்பதைத்தான்.

மகனிடம் பேசினேன். போன் திரும்பி வந்தது. பெரிய தொகை உள்ள கணக்கைப் போனிலிருந்து எடுத்துவிட்டு, சிறு இருப்புள்ள தனிக் கணக்கை மட்டும் இணைத்தார்கள். ஓடிபியை யாருக்கும் சொல்லக் கூடாது, வீடியோ காலில் கைது செய்ய எந்தப் போலீசுக்கும் சட்டமில்லை என்று மகனே பொறுமையாக விளக்கினார். அப்படியும் பணம் போனால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குச் சொல்ல வேண்டும். சீக்கிரம் சொன்னால்தான் பணத்தை முடக்கி வைக்க வழியுண்டு. ஆச்சி அன்று இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. பிள்ளைகள் திட்டுவார்களே என்ற பயம்தான்.