கேலக்ஸி தவளைக்குக் கட்டைதான் வீடு

மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடி மழைக்காடுகளில், மட்கிய மரக்கட்டைக்கு அடியிலும் ஈரச் சருகிலும் ஒரு கருந்தவளை வாழ்கிறது. மூன்று சென்டிமீட்டர் அளவுதான் இருக்கும். கரிய உடம்பில் வெளிர்நீலப் புள்ளிகளும் தொடையில் ஆரஞ்சுத் திட்டும் உண்டு. அந்தப் புள்ளிகளால்தான் கேலக்ஸி தவளை என்ற பெயர் வந்தது. இதற்கு 1878-இல் மெலனோபாட்ராக்கஸ் இண்டிகஸ் என்று அறிவியல் பெயர் சூட்டியவர், சென்னை மாகாண வனத்துறையில் பணியாற்றிய ரிச்சர்ட் ஹென்றி பெட்டோம்.

வகைப்பாட்டில் இது தனிமரம். மைக்ரோஹைலிடே குடும்பத்தைச் சேர்ந்த இந்தத் தவளையை, முன்பு தான்சானிய மலைகளின் சில தவளைகளோடு சேர்த்து ஒரே துணைக்குடும்பத்தில் வைத்திருந்தார்கள். பிறகு அந்த ஆப்பிரிக்கத் தவளைகள் தனியாகப் பிரிக்கப்பட்டன. இன்று ஒரு துணைக்குடும்பம், அதில் ஒரு பேரினம், அதில் இந்த ஒரே சிற்றினம். இது அழிந்தால் அந்தக் கிளையே போய்விடும். அதன் இடத்தை நிரப்ப நெருங்கிய உறவு எதுவும் இல்லை.

ஆனைமலை, மூணாறு, மதிகெட்டான் சோலை, பெரியாறு, செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே களக்காடு முண்டந்துறை ஆகிய இடங்களில் பதிவுகள் உள்ளன. களக்காட்டுப் பதிவு வெளியானது 1997-இல். எல்லாமே பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே. வரைபடத்தில் இவற்றைச் சுற்றி ஒரே கோடு போட்டால் பெரிய பரப்பு போலத் தெரியும். ஆனால் அந்தக் கோட்டுக்குள் தேயிலைத் தோட்டமும் ஏலத் தோட்டமும் சாலையும் ஊரும்தான் நிறைய. தவளை இருப்பது இடையிடையே எஞ்சிய ஈரக் காட்டுத் துண்டுகளில்.

காட்டுக்குள் போகிறவர்கள் செய்யும் பெரிய தவறு கட்டையைப் புரட்டுவது. ஆண்டுக்கணக்கில் மண்ணோடு ஒட்டிக் கிடந்த கட்டையின் அடிப்பக்கம் எப்போதும் நனைந்தே இருக்கும். புரட்டினால் மட்கிய விளிம்பு உதிர்ந்துவிடும். பழையபடி வைத்தாலும் மண்ணுக்கும் கட்டைக்கும் நடுவே விரலளவு இடைவெளி விழும். அதன் வழியே காற்று புகுந்து ஈரம் காயும். மேலே பார்ப்பவருக்கு எதுவும் மாறியதாகத் தெரியாது. அடியில் இருக்கும் தவளைக்கு மிஞ்சிய ஈரம் போதாது. தோல் வழியாகவும் மூச்சுவிடும் உயிர் அது. கேரளத்தில் இந்தத் தவளைகள் இருந்த கட்டைகள் படமெடுப்பதற்காகப் புரட்டப்பட்டதையும், பிறகு அங்கே தவளைகள் காணாமல் போனதையும் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

படத்துக்காகக் கையில் எடுப்பதும் பாசி படிந்த கிளையில் உட்கார வைப்பதும் கூடாது. கொசு விரட்டி, சன்ஸ்கிரீன், வியர்வை உப்பு எல்லாம் அந்தத் தோல் வழியே உள்ளே போகும்.

அனுமதி பெற்ற ஆய்வில் கட்டையைத் தூக்கியே ஆக வேண்டுமென்றால், முதலில் அது கிடக்கும் நிலையைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பக்கமாக மெல்லச் சாய்த்துத் தூக்குங்கள்; அடியில் பாம்பு இருந்தால் எதிர்ப்பக்கம் போய்விடும். தவளை மேல் கட்டையை இறக்காதீர்கள். கட்டையை அதே பள்ளத்தில் வைத்துவிட்டு, தவளை ஓரத்திலிருந்து தானாக உள்ளே போக விடுங்கள். ஒரு காட்டிலிருந்து அடுத்த காட்டுக்குப் போகுமுன் காலணிச் சேற்றைத் தேய்த்துக் கழுவி, கிருமிநாசினியில் நனைத்து, முழுக்கக் காயவிடுங்கள். தவளைகளைக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சை ஈரச் சேற்றோடு பயணிக்கும்.

படத்தை இணையத்தில் போடும்போது மாவட்டப் பெயர் போதும். ஓடை, எஸ்டேட், பாதை எதையும் எழுத வேண்டாம். செல்போன் படத்துக்குள்ளேயே எடுத்த இடத்தைக் காட்டும் ஜிபிஎஸ் புள்ளி பதிவாகியிருக்கலாம். பகிருமுன் அதை நீக்குங்கள்.